மஞ்சள் பட்டை இல்லாத திரை

டாக்டர்களுக்குப் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நோயாளி வாயைத் திறந்ததும் பாதியில் வெட்டிப் பேசிப் பழகியவர்கள், என் பேச்சை முழுசாகக் கேட்பார்களா? அதிலும் நான் டாக்டர் இல்லை. நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிந்து வைக்கும் மென்பொருளை விற்கிற ஒரு அலுவலகத்தில், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறவள். அன்றைக்கு என் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆறு குடும்ப டாக்டர்களில் ஒருவர் என்னைப் பெற்ற அப்பா. பிறகு கேட்கவா வேண்டும்.

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று என் மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உங்க அப்பாதானே, ஈஸியா இருக்கும்" என்றார். அவருக்கு அப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை போலிருக்கிறது.

ஆறு டாக்டர்களும் சேர்ந்து நடத்தும் கிளினிக் அது. மாடியில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை, மூலையில் முள் சாய்ந்துபோன எடை மெஷின், நீள மேசையில் ஆறு மடிக்கணினிகள். சர்க்கரை நோயாளிகளைக் கணினியில் எப்படித் தொடர்ந்து கவனிப்பது என்பதுதான் பாடம்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இதுல ரெண்டு திரை இருக்கு. மேல மஞ்சள் பட்டை இருந்தா அது ஒத்திகை. அங்க என்ன கிறுக்கினாலும் யாருக்கும் போகாது. பட்டை இல்லைன்னா நிஜம். அங்க 'அனுப்பு'ன்னு அழுத்தினா அந்த நிமிஷமே கீழ மருந்துக்கடைக்குப் போயிடும். இன்னைக்கு யாரும் நிஜத்துல கை வைக்கவே கூடாது."

"சரிங்க மேடம்" என்றார் அப்பா. அவர் என்னை மேடம் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒத்திகைக்கென்று நாங்களே உருவாக்கிய நோயாளிகள் உள்ளே இருந்தார்கள். ஒத்திகை நோயாளி ஒன்று, ஒத்திகை நோயாளி இரண்டு என்று பெயர். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மூஞ்சியே இல்லாத ஆளுக்கு எப்படிம்மா வைத்தியம் பாக்கறது?" என்றார். மவுஸ் சரியில்லை என்றார். எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். நாற்பது வருஷமாக நாடி பிடித்த கை. இரண்டு விரலால் ஒரு எழுத்தைத் தேடி அடிப்பதற்குள் எனக்கே மூச்சு முட்டியது.

சர்க்கரை நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் வரும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், கண், கால். உரிய காலத்தில் பார்த்திருந்தால் கட்டம் பச்சையாக இருக்கும், பார்க்காவிட்டால் சிவப்பு. கால் கட்டத்துக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்துக் காட்டினேன். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு நைலான் நூல்.

"மீன் பிடிக்கவா மேடம்?" என்றார் அப்பா.

"கால்ல உணர்ச்சி இருக்கான்னு பாக்க. நோயாளி கண்ணை மூடிக்கணும். இந்த நூல் வளையற அளவுக்கு நீங்க உள்ளங்கால்ல அழுத்தணும். தொட்டது தெரிஞ்சா அவங்க சொல்லணும். சொல்லலைன்னா கால் மரத்துப் போச்சுன்னு அர்த்தம். ஆணி குத்தினாக்கூடத் தெரியாது. நீங்க எல்லாரும் படிச்சதுதான். ஆனா கடைசியா எப்ப செஞ்சீங்க?"

ஆறு பேரும் அவரவர் திரையைக் குனிந்து பார்த்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஆளுக்கொரு நோயாளியைத் திறந்து பழகச் சொல்லிவிட்டு, மேசையின் மறுகோடியில் திணறிக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மாவுக்கு உதவப் போனேன். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் எக்ஸ்பிரஸ் டாக்டர். நோயாளி உட்காருவதற்குள் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார் என்பதால் அந்தப் பட்டம். அவர் அப்பாவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"யாரு டாக்டர் இந்தம்மா? எல்லாம் செவப்பா இருக்கே! ஒரு டெஸ்ட்கூட எடுக்கலையே. பாவம், எந்த மகராசன் கையில மாட்டினாங்களோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் இருந்த இடத்திலிருந்தே சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஒத்திகைதானே" என்று முனகிவிட்டு டக் டக்கென்று எதையோ அடிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எக்ஸ்பிரஸின் குரல் மறுபடி கேட்டது. "ஏன் டாக்டர், நாம தப்பா எழுதினா இந்த மெஷின் திட்டுமா?"

"பாத்துடுவோமே. இன்சுலின் நாப்பது யூனிட், ஒரே போடா."

"என்ன சொல்லுது?"

"திட்டலை. கெஞ்சுது. 'அளவு அதிகம், உறுதியா?'ன்னு கேக்குது. ஆமாடா தம்பின்னு அழுத்திட்டேன்."

அறையே அதிர்ந்தது. அப்பாவுக்கு ஒருவழியாகப் பாடத்தில் ருசி வந்துவிட்டது என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

வகுப்பு முடிந்து எல்லாரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். நான் கணினிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன். மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை. ஐந்திலும் மஞ்சள். ஆறாவது திரையில் பட்டை இல்லை.

மேலே அம்மாவின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டு முகவரி இருந்தது. கீழே, உடனே வேலை செய்கிற வகை இன்சுலின், நாற்பது யூனிட், இன்றே போட்டுக்கொள்ளவும். அதற்கும் கீழே பச்சை எழுத்தில் மூன்று வரிகள். அனுப்பப்பட்டது. மருந்துக்கடை பெற்றுக்கொண்டது. வீட்டில் ஒப்படைக்கப்பட்டது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ஆனால் மாத்திரையோடு சரி. ஊசி போட்டதே இல்லை. பழக்கமில்லாத உடம்பில் அத்தனை இன்சுலின் ஏறினால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். வியர்க்கும், நினைவு தப்பும், கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிரே போகும். வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். ஊசி போடத் தெரியாதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வழியில்லை. எங்களோடு இருந்த அத்தைக்கு அவள் கண் மூடும்வரை இன்சுலின் போட்டது அம்மாதான்.

படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். அப்பா டீயும் கையுமாக நின்று எக்ஸ்பிரஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, யாரோட ஃபைலைத் திறந்தீங்க?"

"உங்கம்மாவோடது. சும்மா பழகறதுக்கு."

"அது நிஜம்ப்பா. மருந்து வீட்டுக்குப் போயிடுச்சு."

டீ அவர் சட்டையில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அம்மாவின் மறதி எங்கள் வீட்டில் பெயர்போனது. போனை உள்ளறையில் சார்ஜில் போட்டால் அது இருப்பதே மறந்துவிடும். போன மாதம் கடைக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். இன்னொன்று எங்கே என்று கேட்டால் காலைக் குனிந்து பார்த்து, "அடடே" என்றாள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். நானும்தான்.

மருந்துக்கடைக்காரர் கிளினிக்கின் கீழ்த்தளத்திலேயே இருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்: "டாக்டர் வீட்டுக்குன்னு பாத்ததும் மத்ததை எல்லாம் நிறுத்திட்டு முதல்ல அனுப்பிட்டேங்க. அம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்களாம்."

"நாப்பதுன்னு இருந்துச்சே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கியது. "டாக்டர் எழுதினதுங்க. அதுவும் அவர் சொந்த வீட்டுக்கு. நான் என்னன்னு கேக்கறது?"

அப்பா காரைக் கிளப்பப் பார்த்தார். சாவியைத் தலைகீழாகத் துளையில் திணித்துக்கொண்டிருந்தார். "இறங்குங்க. நான் ஓட்டறேன்." மறுபேச்சில்லாமல் இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்தார். போகிற வழியிலேயே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஹாரன் சத்தம். சரக்கு ரயிலோ வருகிறது வருகிறது, பெட்டி தீர்ந்தபாடில்லை.

"எதுக்குப்பா அம்மாவோடதைப் போய்த் திறந்தீங்க?"

"அந்த ஒண்ணாம் நம்பர் ஆளுக்கு என்ன எழுதறதுன்னே தெரியலை. தெரிஞ்ச ஆளா இருந்தா சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

"சரி."

"திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லம்மா."

"ஏன் இல்ல? நீங்கதானே அம்மாவுக்குப் பாக்கறீங்க?"

"மாத்திரை கொண்டுபோய்க் குடுக்கறேன். எப்படி இருக்கேன்னு கேப்பேன். நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவா."

"உங்க பேஷன்ட் ஒருத்தர் அப்படிச் சொன்னா சும்மா விட்டுடுவீங்களா?"

அவர் ரயிலைப் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"எல்லார் முன்னாடியும் அவர் கேட்டுட்டார் பாரு, எந்த மகராசன்னு. அசிங்கமாப் போச்சு. அதான் வாய்க்கு வந்த நம்பரை எல்லாம் போட்டு ரொப்பினேன். அதுல நெஜத் திரை எது, பொய்த் திரை எதுன்னு..." சொல்லிக்கொண்டே மறுபடி அம்மாவின் எண்ணை அழுத்தினார்.

கேட் திறந்தது.

வீட்டு வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அப்பா மணியை அழுத்திக்கொண்டே நின்றார். நான் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினேன். சலவை மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரித்த மருந்து டப்பா. மூடி கழற்றிய ஊசிப் பேனா.

"என்னடி இந்த நேரத்துல? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அம்மா, போட்டுட்டியா?"

"இப்பத்தான் போட்டேன். அப்பாதானே அனுப்பியிருந்தார்."

"எவ்வளவு?"

"எழுதியிருந்த அளவுதான். நாப்பது."

வாசல் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்த அப்பா அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கருவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குத்தினேன். அம்மா வேடிக்கை பார்த்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

நான் சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினேன். அப்பா தடுத்தார். "இப்ப குடுக்காதே. இவ்வளவு இருக்கும்போது குடுக்கக் கூடாது. ஆனா இறங்கும். வேகமா இறங்கும். அப்பதான் வேணும்." என்றவர் அந்த எண்ணையே மறுபடி பார்த்தார். வகுப்பில் அவர் வாய்க்கு வந்தபடி அடித்த சர்க்கரை அளவு முந்நூற்று இருபது. மிரட்டலாக இருக்கட்டுமே என்று போட்டாராம்.

"எனக்கு என்ன ஆகப் போகுது?" என்று அம்மா கேட்டாள். சொன்னோம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்" என்றாள். "எத்தனையோ வருஷமா மாத்திரை வருது, உங்க பாக்கெட்டுல இருந்து. என் பேர் போட்டு ஒரு மருந்து வந்தது இன்னைக்குத்தான். சரி, மனுஷன் கவனிச்சிருக்கார்னு நெனச்சேன். நாப்பது ஜாஸ்தியோன்னுகூடத் தோணுச்சு. முத்திடுச்சு போல, சொல்லத் தயங்கி எழுதி அனுப்பியிருக்கார்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

"என்னத்தைக் கவனிக்கணும்? என்ன பண்ணுது உனக்கு?" என்றார் அப்பா.

"ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கறேன். நாக்கு ஒட்டிக்குது. பக்கத்துலதானே படுத்திருக்கீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை. மாதம் இரண்டு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவள்தானே நான்.

ஆம்புலன்ஸ் வந்தது. வண்டிக்குள்ளேயே எண் இறங்க ஆரம்பித்தது. முந்நூற்றுச் சொச்சம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கட்டிலில் ஏற்றும்போது இருநூறு. கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "அண்ணி, கதவைச் சாத்துங்க, காத்தா அடிக்குது" என்றாள். செத்துப்போன அத்தையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஐம்பதுக்குக் கீழ" என்றார் நர்ஸ். அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயசுக்காரர், குளுக்கோஸ் மருந்தைக் குழாயில் ஏற்றிக்கொண்டே அப்பாவை நகரச் சொன்னார். அப்பா நகரவில்லை. "சார், நகருங்க. நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே, வெளிய இருங்க." நாற்பது வருஷ டாக்டர், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவின் வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் உதடு அசைகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஒரு வழியாக அசைந்தது. என்னைத் தேடினாள். என் பெயரைச் சொன்னாள். கதவில் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அபாயம் தாண்டிவிட்டது. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த எண் ஒரு நிலைக்கு வந்தது. அம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளும் வந்தன. ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரி சர்க்கரைக்கு அப்பா வகுப்பில் பத்து என்று போட்டிருந்தார். நிஜம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று யாராவது சொல்லிக்கொள்ளட்டும். அவர் கதைக்காகக் கட்டிய நோயாளியைவிட அம்மாவுக்கு நோய் அதிகம். அவள் தினமும் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

என் கணினியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். அம்மாவின் பக்கம். மஞ்சள் பட்டை இல்லை.

"நீங்க போட்டதை நீங்களே அழிங்க" என்றேன். என் குரலில் இன்னும் காரம் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்று இருந்தது.

அழிப்பதற்குக் காரணம் கேட்டது திரை. அப்பா இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார்: நோயாளியைப் பரிசோதிக்காமல் எழுதியது. பிறகு நிஜ எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிந்தார். இந்தத் தடவை மவுஸைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை பச்சையானது. அழுத்தம் பச்சை. சிறுநீரகம் பச்சை. கண்ணுக்கு மறுநாள் காலையில் நேரம் வாங்கியிருந்தது. கடைசியாகக் கால் கட்டம் சிவப்பாக நின்றது.

"அந்த நூல் பையில இருக்கா?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். போர்வையை விலக்கி அம்மாவின் காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கூச்சம். "நர்ஸ் வந்துடப் போறாங்க. கால விடுங்க" என்றாள்.

"பேசாம இரு. கண்ணை மூடிக்கோ. நான் தொடும்போதெல்லாம் தெரியுதுன்னு சொல்லணும். என்ன?"

"சரி." கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

அப்பா பெருவிரலுக்கு அடியில் நூலை அழுத்தினார். நூல் வில்லாக வளைந்தது. எடுத்தார். நடுப்பாதத்தில் அழுத்தினார், வளைந்தது. சுண்டுவிரலின் கீழே. குதிகாலில். மறுபடி பெருவிரலில், இன்னும் கொஞ்சம் அழுத்தி. அடுத்த காலை எடுத்து வைத்துக்கொண்டு அதே இடங்களில் வரிசையாக. எனக்கு அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது.

அம்மா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"நான் மூடிட்டேங்க. நீங்க ஆரம்பிங்க."